அரசியைச் சித்தியாக்கிய நாள்

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் கொய்யாப்பழம் விற்கிறவர், பழத்தை நாலாகக் கீறி மிளகாய்த்தூள் தடவி நீட்டினார். வாங்கிக்கொண்டேன், உடனே வாயில் வைக்கவில்லை, முகர்ந்து பார்த்தேன். சிரிக்காதீர்கள். காஸை மூடினேனா என்று பாதி வழியிலிருந்து திரும்பிப் போகிற ஆள் நான். ஆனால் கொய்யா விஷயத்தில் காரணம் இருக்கிறது.

எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள், பல வருஷத்துக்கு முன்னால் திருப்புலிவனம் பக்கம் ஒரு சின்னப் பள்ளியில் சத்துணவு சமைக்க உதவியாளாகச் சேர்ந்திருந்தேன். ஒரு வியாழக்கிழமை, மீட்டிங்குக்குக் கிளம்பிய டீச்சர் ஒரு படக்கதைப் புத்தகத்தை என் கையில் திணித்தார். "படத்தைக் காட்டிப் படிம்மா. ஒரு மணி நேரம் சத்தம் போடாம பாத்துக்க."

பழைய ராஜகுமாரிக் கதையை நம் பக்கத்துக்கு மாற்றி எழுதிய புத்தகம். ஏரிக்கரை, பனைமரம், நடுவில் அரண்மனை. பொறாமை பிடித்த அரசி விஷம் தடவிய கொய்யாப்பழத்தை நீட்டுகிறாள். 'அரசி' என்றுதான் அச்சிட்டிருந்தது. எழுத்துக்கூட்டிப் படிப்பதற்குள் எனக்கு வியர்த்தது, பிள்ளைகள் நெளிந்தார்கள். புத்தகத்தை விட்டேன், சின்ன வயதில் நான் கேட்ட மாதிரியே சொன்னேன். "அவ அந்தப் பொண்ணுக்கு சித்தி. பெத்தவ இல்ல பாரு, அதான் வெசம் வெச்சா." வகுப்பு கப்சிப். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் இரண்டாம் வகுப்பு காமாட்சி மூன்று முறை சோறு வாங்கினாள். என் கைப்பக்குவம் என்று நினைத்துக்கொண்டேன். எதற்கெடுத்தாலும் பயப்படுகிற நான், பயப்பட வேண்டிய இடத்தில் கோட்டை விட்டேன்.

சனி, ஞாயிறு லீவு. திங்கட்கிழமை பிரேயரில் காமாட்சி மடங்கி விழுந்தாள். தண்ணீர் தெளித்து மடியில் கிடத்தினேன்.

"நாஷ்டா துன்னியா?"

"சித்தி குட்த்துச்சி. நான் துன்னல."

"ஏண்டி?"

"வெசம் கீதோ இன்னாவோ."

அவள் அப்பா மறுகல்யாணம் செய்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அது எனக்கும் தெரியும்.

காமாட்சி விழுந்ததையும் கதையையும் ஒரு பையன் ஓடிப்போய்ச் சொல்ல, நடவு வயலிலிருந்து அவள் சித்தி ஓடிவந்தாள். கால் முழுக்கச் சேறு. நேராக வகுப்புக்குள் வந்து என் முன்னால் நின்றாள். "நாலு நாளா என் கையால தண்ணி கூட வாங்கல. பக்கத்து வூட்டுக் கொழாயில குடிச்சிக்கினு கீது. இன்னா கதை சொன்ன நீ?"

வேலை போயிற்று என்றே நினைத்தேன். புத்தகத்தை நீட்டினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு படம் படமாகப் புரட்டினாள்.

"இதுல நான் எங்க கீறேன், காட்டு."

"நீ இல்லக்கா. அவ யாரோ ராணி. நான்தான் வாய்க்கொழுப்புல சித்தின்னு சொல்லிட்டேன்." காமாட்சியிடமும் சொன்னேன். "தப்பா சொல்லிட்டேன்டி கண்ணு."

காமாட்சி நம்பவில்லை. அடுப்பிலிருந்து இறக்கிய சோற்றைத் தட்டில் போட்டுக் கொண்டுவந்தேன். சித்தி எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்து முதல் வாயைத் தான் தின்றாள். "பாத்துக்கோ. செத்தா ரெண்டு பேரும் சேந்தே சாவலாம்." அடுத்த வாயை நீட்டினாள். கை அந்தரத்தில் நின்றது. காமாட்சி அந்தக் கையையே பார்த்தாள், பிறகு முகத்தைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள்.

இப்போது அந்தப் பள்ளியில் கதை திரையில் ஓடுகிறது. அழகான குரல், தடுமாற்றமே கிடையாது. பெற்றவர்கள் கேட் வரைதான். ஏதாவது கேட்க வேண்டுமென்றால் வாட்ஸ்அப்பில் எழுத வேண்டும். எழுதத் தெரியாத ஒருத்தி நடவைப் போட்டது போட்டபடி ஓடிவந்து, கதை சொன்னவளின் முகத்துக்கு நேரே சண்டை போட அங்கே வழி இல்லை.