கருப்பர் வாசலில் அணைத்த சூடம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று வருசக்கணக்காகத் தள்ளிப்போட்டேன். எழுதினால் சாமியைக் குறை சொன்னதாகிவிடுமோ என்று பயம். காலையில் திருநீறு பூசிக்கொண்டு உட்காருவேன், இரண்டு வரி எழுதுவேன், கிழித்துவிடுவேன். நான் படித்தது ஐந்தாவது வரைக்கும்தான். பேச வருகிற அளவுக்கு எழுத வராது. வயசும் போகிறது, இனிமேலும் ஒத்திப்போட வேண்டாம் என்று இன்றைக்கு உட்கார்ந்துவிட்டேன்.

புதுக்கோட்டை சமஸ்தானத்தை இந்தியாவோடு சேர்த்துச் சில வருசம் ஆனபிறகுதான் எங்கள் பக்கத்துக்கு மைக் செட் வந்தது. அதற்கு முன்னால் மஞ்சுவிரட்டு என்றால் பறைச் சத்தமும் கூட்டத்தின் இரைச்சலும்தான். எது யார் மாடு என்று பக்கத்தில் நிற்கிறவனுக்கே தெரியாது. மைக் வந்த பிறகு நான் வாடிவாசலுக்கு மேலே கட்டின பரணில் உட்கார்ந்து, மாடு வெளியே வரும் முன்பே ஆரம்பித்துவிடுவேன். "வருது பாருங்க செவலை. தொடப்போறவன் வீட்டுல சொல்லிட்டு வந்திருக்கானா?" கூட்டம் சிரிக்கும். பிடிக்கப்போனவன் மாட்டை விட்டுவிட்டுத் தன் இடுப்பைப் பிடித்தால், "தம்பி, மாட்டைப் புடிக்க வந்தியா, வேட்டியைப் புடிக்க வந்தியா?" என்பேன். விராலிமலைப் பக்கமிருந்து திருமயம் பக்கம் வரைக்கும் என்னைக் கூப்பிட்டார்கள். நான் சம்சாரி. எனக்கு வயலும் மாடும்தான் பிழைப்பு. பேச்சு சாமி போட்ட பிச்சை என்று நினைத்தேன். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் பரணில் ஏறுவேன்.

மைக் செட் முதலாளி என்னைவிட மூத்தவர். பந்தல், கேஸ் லைட்டு, நாற்காலி எல்லாம் சுற்றுவட்டாரத்துக்கு அவரிடமிருந்துதான் போகும். ஒரு தையில் என்னைக் கடைக்குக் கூப்பிட்டார். "தம்பி, மூணு வருசத்துக்கு நீங்க என் செட்டுல மட்டும் பேசணும்." என்றார். சரி என்றேன். தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து மாற்றிக்கொண்டோம். கடிதம் ஏதும் எழுதவில்லை. "நமக்குள்ள எதுக்குங்க அதெல்லாம்?" என்று நான்தான் சொன்னேன். அந்த நேரம் கடையில் இருந்தது அவருடைய கணக்குப்பிள்ளை ஒருத்தர்தான்.

மூன்று வருசமும் அவர் செட்டில்தான் பேசினேன். நாலாம் வருசம் மாசியில் எங்கள் ஊர் மஞ்சுவிரட்டுக்கு, விலை குறைவு என்று புதுக்கோட்டையிலிருந்து வேறு செட்டு பேசிவிட்டார்கள். நான் பேசுவது என்று முடிவாகியிருந்தது. அப்போதுதான் முதலாளி ஊருக்குள் வந்தார். "இவரு ஆயுசுக்கும் என் செட்டுலதான் பேசணும்னு வெத்தலை மாத்தியிருக்காரு. வேற செட்டுல பேசுனா, இந்த ஊருக்கு இனி பந்தலும் கிடையாது, லைட்டும் கிடையாது" என்றார். எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஏதோ விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டு இல்லை.

ஊர்க்காரர்கள் பயந்துவிட்டார்கள். "மொதல்ல இதைத் தீத்துக்கிட்டு வா, அப்புறம் பரணுல ஏறு" என்றார்கள். ஊர் வழக்குத் தீர்க்கிற அம்பலக்காரர் இரண்டு பேரையும் உட்காரவைத்து விசாரித்தார். நான் மூன்று வருசம் என்றேன். அவர் ஆயுசுக்கும் என்றார்.

"சாட்சி யாருப்பா?" என்றார் அம்பலக்காரர்.

"கணக்குப்பிள்ளை இருந்தாருங்க."

"அவரு மக ஊருக்குப் போயிருக்காரு. ஆளனுப்பிக் கூட்டியாரச் சொல்றேன். நாலு நாளு பொறு."

இங்கேதான் நான் இதைச் சொன்னேன். "எதுக்குங்க நாலு நாளு? கருப்பர் வாசல்ல சூடத்தை ஏத்துவோம். மொதலாளி சொன்னது நெசம்னு சத்தியம் பண்ணி அணைக்கட்டும். அணைச்சுட்டா நான் விட்டுர்றேன்."

வேற்று ஊர் ஆட்களுக்காக ஒன்று சொல்லவேண்டும். எங்கள் பக்கம் கருப்பர் முன்னால் எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தால் அதோடு வழக்கு முடிந்தது. மேலே பேச இடமில்லை. பொய்ச் சத்தியம் செய்யத் துணிந்தவனை நான் அதுவரை பார்த்ததில்லை. சூடத்தைக் கொளுத்தின உடனேயே ஆட்டைத் திருடினவன் அழுது ஒத்துக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். முதலாளியும் படி ஏறும்போதே பின்வாங்கிவிடுவார் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை.

வீட்டில் சொன்னேன். என் மனைவி அடுப்பிலிருந்து திரும்பாமலே கேட்டாள்:

"கணக்குப்பிள்ளை வர்ற வரைக்கும் ஏன் பொறுக்கல?"

"கருப்பரைவிடவா கணக்குப்பிள்ளை பெருசு?"

"கருப்பரு பெருசுதான். அந்த மனுசனுக்கு அது தெரியணும்ல? எல்லாரும் ஒங்களை மாதிரியே இருப்பாகன்னு நெனச்சுக்கிட்டு."

எனக்குக் கோபம் வந்தது. சாப்பிடாமல் எழுந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை ஊரே கோயிலில் நின்றது. பூசாரி படியில் சூடத்தை வைத்துக் கொளுத்தினார். முதலாளி குளித்து, வெள்ளை வேட்டி கட்டி வந்திருந்தார். மேல்துண்டை இடுப்பில் கட்டினார். "ஆயுசுக்கும்னுதான் பேச்சு, கருப்பர் சாட்சி" என்றார். குனிந்தார். உள்ளங்கையால் ஒரே அடி. அணைந்துவிட்டது. கரியைத் துண்டில் துடைத்தார். பூசாரி தட்டிலிருந்து திருநீறு எடுத்து நெற்றி நிறையப் பூசிக்கொண்டார்.

நான் அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஏதாவது நடக்கும் என்று நின்றேன். புகை மேலே போனது, ஆலமரத்தில் காக்கை கத்தியது, அவ்வளவுதான். அவர் என்னிடம் வந்து தோளில் கை வைத்தார்.

"வாங்க தம்பி, காப்பி சாப்பிடுவோம். மனசுல ஒண்ணும் வச்சுக்காதீக. அடுத்த மாசம் திருமயத்துப் பக்கம் நம்ம செட்டு போகுது, நீங்கதான் பேசுறீக."

அந்தக் கை என் தோளில் இருந்தபோது பட்ட அதிர்ச்சிக்கு இன்றுவரை எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை. பொய் சொல்வார்கள் என்று தெரியும். அந்த இடத்தில் நின்று சொல்லிவிட்டு, பசியோடு காப்பிக்குப் போக ஒரு மனுசனால் முடியும் என்று எனக்குத் தெரியாது. "இல்லைங்க, நான் இனிமே பேசல" என்று மட்டும் சொன்னேன். அது எனக்கே கேட்கவில்லை.

சொன்ன சொல்லுக்கு நான் கட்டுப்பட்டவன். வேறு செட்டில் பேசக்கூடாது. அவர் செட்டில் பேச எனக்கு மனசில்லை. ஆக, அதோடு முடிந்தது. கணக்குப்பிள்ளை ஊரிலிருந்து வந்ததும் அம்பலக்காரரிடம், "மூணு வருசம்னுதான் என் காதுல விழுந்துச்சு" என்று சொன்னாராம். சத்தியத்துக்குப் பிறகு சாட்சி செல்லாது. மாசியில் எங்கள் ஊரில் வேறு ஒருத்தர் பேசினார். என் தம்பியின் காளை வெளியே வந்தபோது, "ஒரு கருப்பு மாடு வருது" என்றார். நான் கூட்டத்தில் நின்றேன். வாய் தானாகத் திறந்தது. மூடிக்கொண்டேன். பக்கத்தில் நின்றவர் என்னைப் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டார்.

அப்புறம் நான் சாமி கும்பிடுவதை விட்டேனா என்று கேட்பார்கள். விடவில்லை. இன்றைக்கும் காலையில் சூடம் ஏற்றுகிறேன். அந்த வாரம் மட்டும் என்னால் கை கூப்ப முடியவில்லை. சாமி படத்துக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தேன். என் மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "நான் அன்னைக்கே சொன்னேனே" என்று அவள் சொல்லவில்லை. அதற்கு அவளுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

இப்போது டீக்கடையில் இந்த விசயத்தைச் சொல்கிறவர்கள், முதலாளிக்கு அந்தக் கை சூம்பிப்போனது என்று முடிக்கிறார்கள். சிலர் அவருடைய கடையே தீப்பிடித்தது என்கிறார்கள். எதுவும் நடக்கவில்லை. அவர் மகள் கல்யாணத்தில் அதே கையால் எனக்கு இலையில் பாயசம் ஊற்றினார். கை நன்றாக இருந்தது. பாயசமும் நன்றாக இருந்தது. கருப்பர் என்ன நினைத்தார் என்பது கருப்பருக்குத் தெரியும். சாமி மானத்தைக் காப்பாற்ற நாம் பொய் சொல்ல வேண்டியதில்லை.

அதனால் படிக்கிறவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். யாருக்காவது இதைச் சொன்னால் இப்படியே சொல்லுங்கள். நான் விட்ட இடத்திலேயே நிறுத்திவிடுங்கள். முதலாளிக்குத் தண்டனை ஏதும் சேர்க்காதீர்கள்.