மறுபக்கம் கேட்க ஒரு வயர்

ஹட்டனில் அந்த ரேடியோக் கடை இப்போது இல்லை. இருந்திருந்தால் இன்றைக்கும் போய் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருவேன். ஒரு துண்டு வயருக்கா இத்தனை வருஷக் கோபம் என்று என் வீட்டுக்காரர் சிரிப்பார். சிரிக்கட்டும். அவருக்கென்ன, அவருடைய அம்மா ஒரு நாளும் அவரை விட்டுப் போனவள் இல்லை.

என் அம்மா குவைத்தில் இருந்தாள். இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருஷம் இருக்கும், நான் பதினோராம் வகுப்பில் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். மஸ்கெலியா பக்கத்துத் தேயிலைத் தோட்டம், வரிசை வீடுகளான லயத்தில் ஒரே காம்பரா, ஒற்றை அறை, அதற்குள் அப்பா, அப்பாவின் அக்காவான என் அத்தை, நான். கொழுந்து பறித்துக் குடும்பம் நிமிரவில்லை என்று அம்மா அரபு வீட்டு வேலைக்குப் போயிருந்தாள். அவளுக்கு எழுத வராது. டேப் கெசட்டில் பேசிப் பதிந்து, லீவில் ஊருக்கு வருகிறவர்கள் கையில் கொடுத்தனுப்புவாள்.

கெசட் வந்தால் அது எங்கள் வீட்டுக் கெசட் இல்லை, லயத்துக் கெசட். கதவைச் சாத்தினாலும் பிரயோஜனமில்லை. காம்பராச் சுவர் கூரை வரைக்கும் போகாது, இங்கே தும்மினால் நாலாம் வீட்டில் 'நூறு' சொல்வார்கள். அதனால் எல்லோரும் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். அம்மாவும் ஒவ்வொருவரையும் பேர் சொல்லி விசாரிப்பாள், யாரை விட்டாலும் சண்டை வரும். பிறகு அதே கெசட்டில் அவள் பேசியதன் மேலேயே எல்லோரும் பதில் பேசி, அடுத்துப் போகிறவளிடம் கொடுத்தனுப்புவோம். புதுக் கெசட் வாங்குகிற பழக்கமெல்லாம் யாருக்கும் கிடையாது.

அந்த முறை கெசட்டைக் கொண்டுவந்த மேல் லயத்து அக்கா, என்னைத் தண்ணீர் பிடிக்கிற பீலிக்குத் தனியாகக் கூப்பிட்டுப் போனாள். தண்ணீர்ச் சத்தத்தில் யாருக்கும் கேட்காதபடி ஒரு பையை என் கையில் திணித்தாள். உள்ளே பெரிய ஹெட்போன் ஒன்று. அம்மா வேலை செய்த வீட்டுப் பையன் வேண்டாமென்று எறிந்ததாம்.

"மொதப் பக்கம் எல்லாருக்கும். மறுபக்கம் ஒனக்கு மட்டுமாம். இத மாட்டிக்கிட்டுத்தான் கேக்கணுமாம். அம்மா அழுதுகிட்டே சொன்னுச்சு. யாருக்கும் தெரியப்படாது, ஆமா."

அழுதுகொண்டே சொன்னாள் என்று கேட்ட பிறகு எனக்குச் சோறு இறங்குமா? ஆளில்லாத நேரம் பார்த்து ஹெட்போனைக் கெசட் போடுகிற செட்டில் குத்தினேன். சத்தமே இல்லை. வயரைத் திருகித் திருகிப் பார்த்ததில் கரகரவென்று ஒரு இரைச்சல், அவ்வளவுதான். அக்காவின் பெட்டியில் பால்மா டின்னுக்கு அடியில் நசுங்கி, செட்டில் குத்துகிற பின்னுக்குப் பக்கத்தில் வயர் விட்டுப்போயிருந்தது. நல்ல வேளையாக அந்த வயர் ஹெட்போனிலிருந்து தனியாகக் கழன்று வந்தது. வேறு வயர் வாங்கிப் போட்டால் முடிந்தது என்று நினைத்தேன். நினைக்கிறதுக்கு என்ன, காசா பணமா!

செட்டைத் தூக்கிக்கொண்டு மலை மேலே போய்க் கேட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். பேட்டரி போடுகிற இடம் துருப்பிடித்துப்போன செட் அது, கரண்டில் மட்டும்தான் பாடும். சத்தத்தைக் குறைத்தால் எனக்கே விளங்காது, கூட்டினால் லயத்துக்கே விளங்கும். கெசட்டை ஒளிக்கவும் முடியாது. அப்பா ஃபேக்டரியிலிருந்து வந்ததும் முதல் பக்கத்தைப் போட்டு, அம்மா தன்னை விசாரிக்கிற இடத்தை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்பார். பாவம், அவர் மறுபக்கம் திருப்பியதே இல்லை. முதல் பக்கத்திலேயே அம்மா எல்லோருக்கும் 'போய்ட்டு வர்றேன்' சொல்லி முடித்திருந்தாள்.

பரீட்சைக்குப் புத்தகம் வாங்க வேண்டுமென்று பொய் சொல்லி, ஞாயிற்றுக்கிழமை ஹட்டனுக்கு பஸ் ஏறினேன். ரேடியோக் கடையில் பழைய வயரைக் காட்டினேன். முதலாளி கண்ணாடிப் பெட்டியிலிருந்து தங்க நிறப் பின் வைத்த ஒன்றை எடுத்தார். அதன் விலைக்குப் புத்தகமே வாங்கிவிடலாம். கொஞ்சம் குறைவாக இருக்குமா என்று கேட்டதும் அவர் முகம் மாறியது. என் செருப்பைப் பார்த்தார். கீழே கிடந்த கூடையிலிருந்து ஒன்றை எடுத்து மேசையில் போட்டார்.

"தோட்டத்துக்கு இது போதும்."

"இந்தப் பக்கத்துப் பின்னு சின்னதா இருக்கணுங்க. இது ரெண்டு பக்கமும் ஒண்ணாட்டம் தெரியுதே."

"எல்லாம் ஒண்ணுதான்மா. நான் இருவது வருஷமா யாவாரம் பண்றேன், நீ எனக்குச் சொல்லிக் குடுக்குறியா?"

வயர் இருந்த பையைப் பிரித்துப் பார்க்கவும் விடவில்லை. பிரித்தால் வாங்கித்தான் ஆக வேண்டுமாம். பின்னால் நின்றவர்கள் அவசரப்படுத்தினார்கள். வாங்கிக்கொண்டு வந்தேன். வீட்டில் வந்து பார்த்தால் ஒரு பக்கம் செட்டுக்குள் போனது, மறுபக்கம் ஹெட்போனுக்குள் போகவே இல்லை. சாமி சத்தியமாக, அந்த ஆள் எதிரில் இருந்திருந்தால் அந்த வயராலேயே விளாசியிருப்பேன்.

அடுத்த ஞாயிறு வரைக்கும் காத்திருந்த அந்த வாரத்தை என்னவென்று சொல்ல? அம்மாவின் குரல் அந்தச் சின்னப் பெட்டிக்குள் இருக்கிறது, எனக்கு முன்னால் இருக்கிறது, என்னால் கேட்க முடியவில்லை. படிக்க உட்கார்ந்தால் எழுத்து ஓடவில்லை. "பரிச்சைய வச்சிக்கிட்டு எதுக்குடி பேயறைஞ்ச மாதிரி திரியிற?" என்று அத்தை திட்டினாள். அவளிடம் என்ன சொல்ல முடியும்?

இந்தத் தடவை ஹெட்போனையே பையில் போட்டுக்கொண்டு போனேன். வயரைக் கண்டதும் முதலாளி, விற்ற சாமானைத் திருப்பி எடுப்பதில்லை என்று சுவரில் எழுதியிருந்ததைக் காட்டினார். பொருந்தாத சாமானை விற்பீர்கள், திருப்பவும் மாட்டீர்களா என்று கத்தினேன். கடையே திரும்பிப் பார்த்தது. "தோட்டத்துலருந்து வந்துட்டு வாயப் பாரு," என்றார். வயரை அவர் மேசையிலேயே வீசிவிட்டு இறங்கினேன். கண்ணில் தண்ணீர் முட்டியது. அழுகை இல்லை அது, ஆத்திரம்.

பஸ் ஸ்டாண்ட் ஓரத்தில் ஒரு சிங்கள அண்ணன் நடைபாதையில் படங்கு விரித்து சார்ஜர், பேட்டரி, வயர் எல்லாம் பரப்பியிருந்தார். ஹெட்போனைக் காட்டினேன். ஒவ்வொரு வயராகக் கையில் கொடுத்து, "தாலா பலன்ன நங்கி," போட்டுப் பார் தங்கச்சி என்றார். மூன்றாவது வயர் கிளிக்கென்று உட்கார்ந்தது. தன் சின்ன ரேடியோவில் குத்திக் காட்டினார். இரண்டு காதிலும் பாட்டு. சாண் கணக்கில்தான் நீளம், அதனால்தான் மலிவு. எனக்கு நீளம் எதற்கு? செட்டைக் கட்டிக்கொண்டு உட்காரவும் நான் தயார்தான்.

வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. உள்ளே லயமே இருந்தது. செட்டுக்கு முன்னால் அத்தை.

"வாடி வா! அடுத்த லயத்து அக்கா நாளைக்கே குவைத்துக்குப் போறாளாம், காலையிலதான் தெரிஞ்சிச்சு. எல்லாரும் பேசிட்டோம், நீயும் ரெண்டு வார்த்த பேசு."

"எந்தப் பக்கத்துல பேசுனீங்க?"

"ஒங்கப்பன் மொதப் பக்கத்த அழிக்க வேணாம்னுட்டான், கெசட்டு திரும்பி வந்தா கேக்கணுமாம். மறுபக்கம் சும்மாதானே கெடக்குது, அதுலதான்."

அத்தையைத் தள்ளிவிட்டுச் செட்டுக்கு முன்னால் போனேன். ஹெட்போனை மாட்டி, வயரைக் குத்தி, ஆரம்பத்துக்குச் சுற்றினேன். வயர் எட்டாமல் கன்னத்தைச் செட்டில் ஒட்டிக்கொண்டு குந்தினேன். ஒருத்தி தன் ஆடு குட்டி போட்டதைச் சொன்னாள். ஒருவர் கோயில் திருவிழாவைச் சொன்னார். இன்னொருவர் வரும்போது டோர்ச் லைட் கொண்டுவரச் சொன்னார். அத்தை, "இங்க ஒரு கொறையும் இல்ல, நீ இருந்து சம்பாரிச்சிட்டே வா," என்றாள். நாசமாய்ப் போன பேச்சு, முடிவேனா என்றது. சுற்றிலும் எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் டக்கென்று ஒரு சத்தம். அதன் பிறகு அம்மா, ரகசியமாக, மூச்சு வாங்கியபடி.

"…அதனாலதான் ஒன்கிட்ட மட்டும் கேக்குறேன். அப்பாகிட்ட கேட்டா அவரு அத்தகிட்ட கேப்பாரு. நீ வான்னு சொன்னா வந்துர்றேன். இருன்னு சொன்னா, எப்பிடியாவது இருக்கேன்."

அவ்வளவுதான். மேலே வெறும் இரைச்சல்.

ஹெட்போனைக் கழற்றி எறிந்தேன். அந்த இடத்திலேயே ரெக்கோட் பட்டனை அமுக்கி, லயம் முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். "அம்மா, வா! இருக்கவே வேணாம், ஒடனே வந்துரு!"

"அடியே, ஒனக்குப் பைத்தியமா?" என்று அத்தை பாய்ந்தாள். கெசட்டை வெளியே எடுத்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டேன். மறுநாள் விடியும்போதே நானே ஓடிப்போய் அதை அந்த அக்காவின் கையில் கொடுத்தேன்.

சில மாதம் கழித்து அம்மா வந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். ஹட்டனிலிருந்து மஸ்கெலியா பஸ்ஸில் அப்பாவும் அத்தையும் முன் சீட்டில், நானும் அவளும் பின்னால். கொஞ்ச தூரம் போனதும் என் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"எல்லாத்தையும் கேட்டுட்டுத்தானே வான்னு சொன்ன. அது போதும்டி எனக்கு. அத இன்னொரு தடவ என் வாயால சொல்ல முடியாது. இனிமே அந்தப் பேச்சே வேணாம், என்ன?"

நான் தலையை ஆட்டினேன். நான் கேட்பதற்கு முன்பே அந்தப் பக்கம் அழிந்துபோனது அவளுக்கு இன்றுவரை தெரியாது.