மாடியறையில் சீறியது எது

ஞானஜோதி இருபத்திரண்டு வருடமாக ஊராரின் காதுகளைச் சோதித்து வருகிறார். மேற்குத் தாம்பரத்தில் ஒரு காது மூக்கு தொண்டை கிளினிக்கில் வேலை. வெளிச்சத்தம் புகாத சின்ன அறைக்குள் ஆளை உட்காரவைத்து, தலையில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்து, "எவ்வளவு சின்னதா கேட்டாலும் அழுத்துங்க" என்பார். கேட்காமலேயே அழுத்துகிறவர்களையும், கேட்டும் அழுத்தாதவர்களையும் கண்ணாடி வழியே முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவார். டாக்டரே சில சமயம், "ஜோதி சிஸ்டர் என்ன சொல்றாங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் சீட்டு எழுதுவார்.

பம்மலில் பதினெட்டு வருடம் வாடகை வீட்டில் இருந்தவர், மகள் ஜென்சி நர்சிங் படிக்க வேலூர் போனதும், கோவிலம்பாக்கம் தாண்டி ஒரு சின்ன வீட்டை வாங்கிக் குடிவந்தார். மொட்டை மாடியில் நின்றால் நன்மங்கலம் காட்டின் கம்பிவேலி தெரியும். விடிகாலையில் மயில் அகவும். மழைக்காலத்தில் தவளைகள் போடுகிற கூச்சலில் டிவி கேட்காது.

அடுத்த வீடு துளசிங்கத்துடையது. தெருவின் கடைசி வீடு. ஒரு காலத்தில் அந்தத் தெரு முழுக்க அவர் குடும்பத்து நிலம். பயிர் போய் மனைகள் வந்தபிறகு முப்பது வருடம் மாவு மில் நடத்தினார். இப்போது மில் இருந்த இடத்தில் மூன்று கடைகள், வாடகைக்கு. அவரும் மனைவி முனியம்மாவும் மட்டும் வீட்டில். மகன் சிவகுமார் ஓசூரில் வேலை பார்க்கிறார். மாதத்தில் ஒரு ஞாயிறு வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார்.

ஜனவரியில் ஒரு நாள் வேலை முடிந்து திரும்பிய ஜோதியை முனியம்மா கேட்டருகே நிறுத்தினார். முகம் வாடியிருந்தது.

"ஜோதி, உன்னாண்ட ஒண்ணு கேக்கணும். காது நல்லாகீறப்பவே இல்லாத சத்தம் கேக்குமா?"

"சில பேருக்குக் கேக்கும்க்கா. உங்களுக்கு என்ன கேக்குது?"

விஷயம் மெல்ல வெளியே வந்தது. மூன்று வாரமாக, இருட்டத் தொடங்கினால் போதும், மாடியறைக்குள் பாம்பு சீறுகிறது. மில்லின் பழைய சாமான்களைப் போட்டுப் பூட்டிவைத்த அறை அது. முதல் வாரமே பாம்பு பிடிக்கிறவரை அழைத்து வந்தார்கள். நடுப்பகலில் வந்து, ஒரு மணி நேரம் தரையெல்லாம் துழாவிப் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்று போய்விட்டார். சாயங்காலம் மறுபடி சீறல். துளசிங்கத்தை மாடிப்படிக்கு இழுத்துப்போய் நிறுத்தினால், "ஒண்ணும் கேக்கலியே" என்கிறார். சிவகுமார் வந்ததோ பகலில். அவருக்கும் கேட்கவில்லை. அப்பாவும் மகனும் பேசி, வருகிற புதன்கிழமை நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போக டோக்கன் வாங்கியிருக்கிறார்கள்.

"எனக்கு மூளை கொயம்பிப்போச்சாம். அவருக்குக் கேக்காதது எனக்கு எப்படிக் கேக்கும்னு கேக்குறாரு. இன்னா பதில் சொல்றது?" முனியம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "ராவுல ரெண்டு பேரும் ஒரே வூட்லதான் கீறோம். அவரு நிம்மதியா தூங்குறாரு, நான் முழிச்சிகினு கெடக்குறேன்."

ஜோதி மணியைப் பார்த்தார். ஆறேகால். "வாங்க, இப்பவே கேட்டுடலாம்" என்றார். கைப்பையைக்கூட வீட்டில் வைக்கவில்லை.

மாடிப்படியின் மேல்படியில் இருவரும் உட்கார்ந்தார்கள். கீழே கூடத்தில் துளசிங்கம் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார், ஒலியை ஏகத்துக்கும் ஏற்றிவைத்து. ஜோதி இறங்கிப் போய், "அண்ணா, அஞ்சு நிமிஷம் அணைச்சிடுங்க" என்றார். அவர் முணுமுணுத்துக்கொண்டே அணைத்தார்.

வெளிச்சம் மங்கியது. காட்டுப் பக்கம் மைனாக்கள் அடங்கின. அப்போது பூட்டிய கதவுக்குப் பின்னால் கிளம்பியது. நீளமாக, கரகரப்பாக, ஆள் குறட்டையும் பாம்புச் சீறலும் கலந்தாற்போல ஒரு சத்தம்.

முனியம்மா ஜோதியின் கையை இறுகப் பிடித்தார். "கேக்குதா?"

"நல்லா கேக்குது. உங்களுக்கு ஒரு குழப்பமும் இல்ல."

முனியம்மா வாய்விட்டு அழுதே விட்டார். ஜோதி அவர் முதுகைத் தடவிக்கொடுத்தபடி, காதை மட்டும் கதவின் பக்கம் வைத்திருந்தார். முதலில் அவருக்கும் பாம்பு என்றுதான் தோன்றியது. ஆனால் கேட்கக் கேட்க அது பொருந்தவில்லை. பாம்பு மிரண்டால் சீறும், பிறகு ஓய்ந்துவிடும். இது ஓயவே இல்லை. நாலைந்து நொடிக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வந்தது. இன்னும் உன்னித்தபோது, ஒன்று சற்றுத் தடித்த குரல், ஒன்று மெல்லிய குரல், நடுவில் மூன்றாவதாக ஒன்று. ஒன்று முடிப்பதற்குள் இன்னொன்று முந்திக்கொண்டது. சீறலில் மிரட்டல் இல்லை. கெஞ்சல் இருந்தது.

திடீரென்று மூன்றும் சேர்ந்து வெறிபிடித்தாற்போல உச்சத்துக்குப் போயின. அறைக்குள் ஏதோ தகரத்தில் தொப்பென்று உட்கார்ந்தது. சீறல் ஒரு நிமிடம் நின்றது.

"பாம்பு இல்லக்கா, குட்டிங்க" என்றார் ஜோதி. "பசிக்குதுன்னு கத்துதுங்க. இப்ப அம்மா வந்து ஊட்டுது."

"இன்னாத்தோட குட்டி?"

"அது இன்னும் தெரியல. நாளைக்குச் சொல்றேன்."

அவர் சத்தத்தை போனில் பதிவு செய்துகொண்டார். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு, இணையத்தில் இருந்த விலங்குக் குரல்களை ஒவ்வொன்றாகத் தன் பதிவோடு சேர்த்துக் கேட்டார். மரநாய் இல்லை. உடும்பு இல்லை. ஏழாவதாகக் கேட்டது கூகை என்னும் வெள்ளை ஆந்தையின் குஞ்சுகள். இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டபோது எது தன் பதிவு என்று அவருக்கே குழப்பமாகிவிட்டது. அதற்குப் பிறகு தேடவில்லை.

மறுநாள் சாயங்காலம் துளசிங்கத்தையும் மாடிப்படிக்கு வரச்சொன்னார். சீறல் தொடங்கியது. துளசிங்கம் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"ஒண்ணும் இல்லியேம்மா. நீயும் அவளோட சேந்துகினியா?"

ஜோதி போனை அவரிடம் நீட்டினார். சத்தத்தைப் படமாகக் காட்டுகிற ஆப் அதில் ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சீறலுக்கும் திரையின் வலது பக்கத்துக் கோடுகள் குதித்து எழுந்தன, அடங்கின, மறுபடி எழுந்தன.

"போனுக்குப் பைத்தியம் பிடிக்காதுண்ணா. இந்தப் பக்கம் இருக்கிறதெல்லாம் மேல்சுருதியில, உஸ்ஸுன்னு வர்ற சத்தம். அது உங்களுக்குக் கேக்கல. முப்பது வருஷம் மெஷின் பக்கத்துல நின்னீங்க இல்ல?"

துளசிங்கம் வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மனைவியை ஒருமுறை பார்த்துவிட்டு, சாவியை எடுத்துவந்து பூட்டைத் திறந்தார். டார்ச் வெளிச்சத்தில் ஜன்னலின் ஒரு கதவு உடைந்து தொங்குவது தெரிந்தது. பரண்மேல் மில்லின் பழைய தகரத் தொட்டி. அதற்குள் தானியம் கொட்டித்தான் அத்தனை வருடம் அரைத்தார்கள். தொட்டியின் விளிம்புக்கு மேலே இதய வடிவில் மூன்று வெள்ளை முகங்கள் எழுந்து, மூவரையும் பார்த்து ஒரே குரலில் சீறின. தகரம் அந்தச் சத்தத்தை இரண்டு மடங்காக்கியது.

"ஐயே, ஆந்தை! வூட்டுக்கு ஆவாது. நாளைக்கே ஆளைக் கூப்ட்டு எடுத்துடணும்" என்றார் துளசிங்கம்.

"ஒருத்தரும் தொடக்கூடாது." முனியம்மாவின் குரல் அவ்வளவு உறுதியாக வந்ததை ஜோதி அதுவரை கேட்டதில்லை. "மூணு வாரமா என்னப் பைத்தியம்னுகினு இருந்தீங்க. இதுங்கதான் எனக்கு சாட்சி. ரெக்கை முளைச்சி தானா போறவரைக்கும் இங்கதான் இருக்கும். ஆவாதது எதுனா வந்தா என்னாண்ட வரட்டும்."

துளசிங்கம் கதவை மெல்லச் சாத்தினார்.

புதன்கிழமை நரம்பு டாக்டரிடம் யாரும் போகவில்லை. சனிக்கிழமை துளசிங்கம்தான் தாம்பரம் கிளினிக்குக்கு வந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பட்டனோடு உட்கார்ந்தார். தாழ்ந்த சுருதி ஒலிகளுக்குச் சரியாக அழுத்தியவர், சுருதி மேலே போகப் போகச் சும்மா உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக்கு இந்தப் பக்கத்திலிருந்து ஜோதி ஹெட்போனுக்குச் சத்தத்தை அனுப்பிக்கொண்டே இருந்தார். வரைபடத்தில் கோடு பாதியில் பள்ளத்தில் விழுந்திருந்தது. கூட வந்திருந்த முனியம்மா அதைக் கையில் வாங்கி, தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, நெடுநேரம் பார்த்தார். கணவர்மேல் இருந்த கோபம் அங்கேயே பாதி இறங்கிவிட்டது என்று பிறகு ஜோதியிடம் சொன்னார்.

பத்து நாளில் காது மெஷின் வந்தது. ஜோதியே மாட்டிவிட்டு, அளவு சரிசெய்து கொடுத்தார். அன்று சாயங்காலம் துளசிங்கம் யாரும் கூப்பிடாமலே மாடிப்படியில் போய் உட்கார்ந்தார். சீறல் எழுந்ததும் முதுகு நிமிர்ந்தது.

"ஏய், இன்னாம்மே இது, இவ்ளோ சத்தமா கீது!"

"இதுக்குத்தான் நான் தூங்காம கெடந்தேன்" என்றார் முனியம்மா.

"தப்புதான்." துளசிங்கம் மனைவியின் பக்கம் திரும்பி மறுபடி சொன்னார். "தப்புதான் முனிம்மா."

பிப்ரவரி கடைசியில் குஞ்சுகள் ஒவ்வொன்றாகப் பறந்துபோயின. அறையைக் கூட்டியபோது ஆந்தைகள் தின்றுவிட்டுக் கக்கிய எலி எலும்பும் மயிரும் உருண்டையாகக் கிடந்ததை ஒரு முறம் நிறைய அள்ளினார்கள். துளசிங்கம் அதை அக்கம்பக்கத்தாரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். உடைந்த ஜன்னல் கதவை மாற்ற வந்த தச்சரை, "அது அப்டியே இருக்கட்டும்" என்று முனியம்மா திருப்பி அனுப்பிவிட்டார்.

இப்போது தெருவில் புரியாத குரல் எது கேட்டாலும் ஜோதிக்குத்தான் போன் வருகிறது. போன வாரம் யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு, பள்ளிக்கரணையிலிருந்துகூட தீபா என்கிற பெண், சதுப்புநிலத்தோரம் ஏதோ தொண்டை அடைத்துக் கத்துகிறது என்று கூப்பிட்டாள். என்னவென்று ஜோதிக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொல்லிவிட்டு, வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வந்து கேட்டுப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.