குதிரைக்கு மாப்பிள்ளை பார்த்த வருடம்

பெங்களூர்ப் போட்டியில் நான் விழுந்தது அது ஐந்தாவது தடவை. முந்தைய நான்கு தடவையும் மண்ணைத் தட்டிவிட்டு எழுந்துவிட்டேன். இந்தத் தடவை இடது காறை எலும்பு முறிந்துபோயிற்று.

ஈவென்டிங் என்று சொல்வார்கள். மூன்று பகுதிகள் கொண்ட குதிரைப் போட்டி. முதலில் மைதானத்தில் சொன்னபடி நடந்தும் ஓடியும் காட்ட வேண்டும். அடுத்தது வெட்டவெளியில் மரக்கட்டை, பள்ளம், தண்ணீர் என்று வழியில் வருவதையெல்லாம் தாண்டிப் போக வேண்டும். கடைசியில் வர்ணம் பூசிய கம்பங்களைத் தட்டாமல் தாண்ட வேண்டும். அன்றைக்கு இரண்டாவது பகுதியில் ஒரு பள்ளம் வந்தது. நான் தயாராவதற்குள் என் குதிரை அந்தப் பக்கம் போய்விட்டாள். நான் இந்தப் பக்கமே தங்கிவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு முடிந்ததும் என் கணவர் சொன்னார்: "இந்தக் குதிர உனக்கு ஒத்துவராது. யாருக்காவது குடுத்துடலாம்."

"தப்பு அவ மேல இல்லீங்க. நான் லேட்டு."

"நீ எப்பவும் லேட்டுதான் ஆவ. காலைல ஒரு மணி நேரம், ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி நேரம். அவ்ளோதான் உனக்கு டைம் கீது. அவ முழு நேரக் குதிர."

அவர் சொன்னது உண்மைதான். நான் கோலார் தங்கச் சுரங்கத்தை ஒட்டிய ஆண்டர்சன்பேட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியை. பிறந்தது ஸ்கெலட்டன் என்ற தொழிலாளர் குடியிருப்பில், மைன்ஸ் தொழிலாளி வீட்டில். பெங்களூரில் கல்லூரி படித்தபோது என்.சி.சி.யில் குதிரைப் பிரிவு இருந்தது. செருப்புக்கூட நல்லதாக இல்லாத எனக்கு அங்கேதான் முதல்முதலாகப் பூட்ஸ் கொடுத்தார்கள். அந்த மோகம் போகவே இல்லை. ரேஸில் காலைக் கெடுத்துக்கொண்ட செம்பழுப்புப் பெட்டை ஒன்றை யாருக்கும் வேண்டாம் என்று ஒதுக்கியபோது, கேட்டு வாங்கி வந்தேன். ஆண்டர்சன்பேட்டையில் ஜட்கா ஓட்டும் பாய் ஒருவர் தம் லாயத்தில் அவளுக்கு இடம் கொடுத்தார். விடிந்ததும், தங்கம் பிரித்தபின் கொட்டிய சயனைடு மண்மேடுகளின் ஓரமாக அவளை ஓட்டிவிட்டு, எட்டரை மணிக்குப் பள்ளி மைதானத்தில் விசிலோடு நிற்பேன்.

கட்டுப் போட்ட கையோடு ஒரு மாதம் வீட்டில் இருந்தபோதுதான் அந்த எண்ணம் வந்தது. அவளைப் போலத் துணிந்து தாண்ட வேண்டும். ஆனால் என்னைப் போன்ற அரைகுறை ஆளுக்காகக் கொஞ்சம் பொறுத்திருக்கவும் வேண்டும். அப்படி ஒரு குட்டி அவளுக்கே பிறந்தால்?

கணவரிடம் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் மைன்ஸ் சர்வே ஆபீஸில் வரைபடம் போடுகிறவர். குதிரையின் பின்பக்கம் போகவே பயப்படுவார். ஆனால் உடனே ஒரு பழைய வரைபடத்தைத் திருப்பிப்போட்டு அதன் முதுகில் கட்டம் கிழிக்க ஆரம்பித்தார்.

"சொல்லு. அப்பன் எப்படி இருக்கணும்? ஒண்ணு, குணம். ரெண்டு, காலு. மூணு?"

"தாண்டுறது."

"அது அம்மாகிட்டயே கீதே. அப்பன்கிட்ட நாம கேக்க வேண்டியது பொறுமதான்."

அவருக்கு அந்த நாட்களில் ஆபீஸில் பெரிதாக வேலை இல்லை. மைன்ஸை மூடப்போகிறார்கள் என்ற பேச்சு வாராவாரம் வந்து, வாராவாரம் மறுக்கப்பட்டது. வீட்டுக்கு வந்ததும் அவர் அதைப் பற்றிப் பேச மாட்டார். பொலிகுதிரைகளைப் பற்றித்தான் பேசுவார்.

மூன்று குதிரைகளைப் பார்த்தோம். முதலாவது பெங்களூர்ப் பக்கம் ஒரு பெரிய பண்ணையில் இருந்தது. ரேஸில் பேர் வாங்கியது. அதன் உடம்பு வெயிலில் பித்தளைபோல மின்னியது. சங்கிலி போட்டு இரண்டு பேர் பிடித்து வந்தார்கள். அப்படியும் எங்களைப் பார்த்ததும் இரண்டு காலில் எழும்பி நின்றது. பண்ணை மேலாளர் ஒளிக்காமல் சொன்னார்: "இதோட குட்டிங்கள ஓட்டறதுக்கு ஜாக்கி வேணும்மா. நீங்க ஓட்ட முடியாது."

இரண்டாவது, வெளிநாட்டிலிருந்து வந்து ஒரு சவாரிப் பள்ளியில் நின்ற கறுப்புக் குதிரை. அது ஓடியதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. கால்கள் தரையைத் தொடுவதாகவே தெரியவில்லை. இதுதான் என்று முடிவே செய்துவிட்டேன். என் கணவர் மட்டும் அந்தப் பக்கம் கட்டியிருந்த அதன் இரண்டு குட்டிகளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டுக்கும் பின்னங்கால் முட்டி வீங்கியிருக்கு, பாத்தியா?"

நான் பார்க்கவில்லை. அப்பனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது முள்பாகல் தாண்டி ஒரு தெலுங்கு விவசாயியின் தோட்டத்தில் இருந்தது. ராணுவக் குதிரை வம்சத்தில் கலப்பாகப் பிறந்தது. சேற்று நிறம், உடம்புக்குப் பொருந்தாத பெரிய தலை. தோட்டக்காரர் கயிற்றைக்கூட ஒழுங்காகப் பிடிக்காமல் அதைப் புளியமரத்தடிக்குக் கொண்டுவந்தார். நான் வேண்டுமென்றே என் குடையை அதன் முன்னால் படக்கென்று விரித்தேன். அது காதை நிமிர்த்தியது. கழுத்தை நீட்டிக் குடையை முகர்ந்தது. மறுபடி புல்லைத் தின்னப் போய்விட்டது.

"இதோட குட்டிங்க எங்க கீது?" என்று கேட்டார் என் கணவர்.

சுற்று வட்டாரத்தில் ஐந்து இருந்தன. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் பஸ்ஸிலும் நடையிலுமாக ஐந்தையும் போய்ப் பார்த்தோம். ஒன்றின் மேல், கால் கொஞ்சம் இழுத்து நடக்கும் ஒரு திராட்சைத் தோட்டக்காரர் தினமும் சவாரி செய்தார். அதை எனக்கு ஓட்டக் கொடுத்தார். வழியில் ஒரு வாய்க்கால். காறை எலும்பு நினைவுக்கு வந்தது. கடிவாளம் தளர்ந்துவிட்டது. அந்தக் குதிரை வாய்க்கால் கரையில் வேகத்தைக் குறைத்து, நான் நிமிர்ந்து உட்காரும்வரை இருந்து, பிறகு தாண்டியது. கணவர் கட்டத்தில் எதுவும் எழுதவில்லை. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

மார்ச் மாதம் லாரியில் மணல் பரப்பி அவளை ஏற்றிக்கொண்டு போனோம். பாயும் கூட வந்தார். அவள் முதலில் உதைத்தாள், கடிக்கப் போனாள். சேற்று நிறத்தான் தள்ளி நின்று காத்திருந்தான். இரண்டாம் நாள் அவளே அடங்கினாள். "நல்ல மாப்ள, டீச்சரம்மா," என்றார் பாய்.

ஒன்றரை மாதம் கழித்துக் கோலாரிலிருந்து கால்நடை மருத்துவர் வந்தார். தோள்வரை கையை விட்டுப் பார்த்துவிட்டு, "சினைதான்ம்மா, கன்ஃபர்ம்," என்றார். பள்ளியில் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தேன்.

அந்த மாதங்களில் அவளை நான் ஓட்டவில்லை. காலையில் சும்மா நடத்திக் கூட்டிப் போவேன். அவள் வயிறு சீக்கிரமே பெருத்தது. பார்த்தவர்கள் எல்லோரும் பெரிய குட்டி என்றார்கள். பாய் மட்டும் ஒருநாள் அவள் விலாவைத் தடவிக்கொண்டே, "ரொம்பப் பெருசா கீது, டீச்சரம்மா," என்றார். நல்ல சேதியாகத்தான் அதை எடுத்துக்கொண்டேன்.

நவம்பரில் அவள் மடியிலிருந்து பால் சொட்ட ஆரம்பித்தது. இன்னும் மூன்று மாதம் பாக்கி இருந்தது. மருத்துவருக்கு போன் போட்டேன். அவரால் இரண்டு நாள் கழித்துத்தான் வர முடிந்தது. இந்தத் தடவை வெகுநேரம் பார்த்தார். கையைக் கழுவிக்கொண்டே கன்னடம் கலந்த தமிழில் பேசினார்.

"நோடிம்மா, உள்ள ரெண்டு இருக்கு. ரெட்டை."

எனக்குச் சட்டென்று சந்தோஷம்தான் வந்தது. அது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். அவர் தலையை அசைத்தார்.

"சந்தோஷப்படாதீங்க. குதிரை வயித்துல ஒண்ணுக்குத்தான் இடம். ரெண்டு இருந்தா, ரெண்டுக்கும் பத்தாது. முக்கால்வாசி ரெண்டுமே தங்காது. சில சமயம் தாய்க்கும் ஆபத்து."

"இப்ப இன்னா பண்றது, டாக்டர்?" என்று கேட்டார் என் கணவர்.

"இப்ப ஒண்ணும் பண்றதுக்கு இல்ல சார். முதல் மூணு வாரத்துக்குள்ள ஸ்கேன்ல பாத்திருந்தா ஒண்ண அழிச்சிட்டு இன்னொண்ணக் காப்பாத்தலாம். அந்த மெஷின் நம்ம பக்கம் எங்க இருக்கு? அன்னிக்கு என் கைக்கு ஒண்ணுதான் தட்டுப்பட்டுது." கையைத் துடைத்துக்கொண்டே, "தப்பு என் கையிலயும் இருக்கு," என்றார்.

அவரைக் கோபித்துக்கொள்ள முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். முடியவில்லை.

அதற்குப் பிறகு ஆறு வாரம். இப்படிப்பட்ட காத்திருப்பை நான் அதற்கு முன் அறிந்ததில்லை. வைக்கோலைக் கூடுதலாகப் பரப்பினேன். கொள்ளை வேகவைத்துக் கொடுத்தேன். இதனால் எல்லாம் ஒன்றும் ஆகப்போவதில்லை என்று தெரிந்தேதான் செய்தேன். பள்ளியில் டிரில் சொல்லிக்கொடுத்துக்கொண்டே இருப்பேன், எண்ணிக்கை விட்டுப்போகும். பிள்ளைகள் கையைத் தூக்கியபடியே நிற்பார்கள். குணம் பார்த்தோம், கால் பார்த்தோம், ஐந்து குட்டிகளையும் போய்ப் பார்த்தோம், இதைப் பார்க்கத் தெரியவில்லையே என்று மனசு அதிலேயே போய் நிற்கும். வீட்டில் கணவரும் அப்படித்தான் இருந்தார். ஆபீஸில் ராஜினாமாப் படிவங்கள் கொடுத்திருந்தார்கள். கையெழுத்துப் போட்டாலும் போடாவிட்டாலும் முடிவு ஒன்றுதான் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மாலையில் இரண்டு பேரும் லாயத்துக்குப் போவோம். அவள் பக்கத்தில் நிற்போம். திரும்பி வருவோம்.

ஜனவரி முதல் வாரம். காலை பிரேயர் நடந்துகொண்டிருந்தபோது பாயின் மனைவி பள்ளி கேட்டுக்கு வந்து நின்றார். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன்.

ஒன்று செத்தே பிறந்திருந்தது. பாய் அதைச் சாக்கால் மூடிவைத்திருந்தார். இன்னொன்று உயிரோடு இருந்தது. பெட்டைக் குட்டி, ஆட்டுக்குட்டி அளவுதான் இருக்கும். காதுகள் நிமிராமல் தொங்கின. ரோமம் பட்டு நூல் மாதிரி. நிறம் மட்டும் அப்படியே அப்பனுடைய சேற்று நிறம்.

என் கணவர் ஆபீஸிலிருந்து நேராக வந்தார். குதிரையைத் தொடப் பயந்தவர், மண்டியிட்டு அவள் வயிற்றுக்கு அடியில் போய்க் குட்டியைத் தூக்கிப் பிடித்தார். வாழ்நாளில் ஒரு நிமிஷம் அசையாமல் நின்றறியாத என் குதிரை சிலைபோல நின்றாள். குட்டிக்குச் சப்பத் தெம்பில்லை. பாலைக் கறந்து ஊசி போடும் குழாயில் எடுத்துச் சொட்டுச் சொட்டாக வாயில் விட்டோம். வெந்நீர் பாட்டில்களைச் சாக்கில் சுற்றி அதன் இருபுறமும் வைத்தோம். மருத்துவர் தினமும் கோலாரிலிருந்து தானாகவே வந்தார். வந்து பார்த்துவிட்டு, எங்களோடு உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போவார்.

மூன்றாம் நாள் அது எழுந்தது. யாரும் தூக்கிவிடவில்லை. நாலு காலையும் நாலு திசைக்குப் பரப்பிக்கொண்டு நின்று, தாயைப் பார்த்து இரண்டு அடி வைத்தது. பாய் உள்ளே ஓடிப்போய் மனைவியைக் கூட்டிவந்தார். நான் மருத்துவரின் முகத்தைப் பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டுதான் இருந்தார், ஆனால் கண் குட்டியின் விலாவிலேயே இருந்தது.

நான்காம் நாள் மத்தியானம் என் கணவரின் மடியில் அது மூச்சுவிட முடியாமல் இழுக்க ஆரம்பித்தது. நுரையீரல் முழுசாக ஆகவில்லை என்றார் மருத்துவர். மைன்ஸ் தூசியைச் சுவாசித்து, என் அப்பாவும் அவரோடு வேலை பார்த்த பலரும் கடைசியில் அப்படி இழுத்ததை நான் பார்த்திருக்கிறேன். அப்போதும் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவத்தான் முடிந்தது. இப்போதும் அதையேதான் செய்தேன். மூன்று மணிவாக்கில் அடங்கிவிட்டது.

"இவ்ளோண்டு," என்றார் என் கணவர். அதன் காதைத் தடவிவிட்டு மறுபடியும், "இவ்ளோண்டுதான்," என்றார். அவர் மடியிலிருந்து அதை எடுக்க நாங்கள் யாரும் முன்வரவில்லை. என் குதிரை குனிந்து அதை முகர்ந்தாள். பிறகு இரண்டு நாள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

பிப்ரவரி கடைசியில் மைன்ஸை மூடினார்கள். என் கணவருக்குப் பெங்களூரில் ஒரு கட்டட கம்பெனியில் வேலை கிடைத்தது. மறுபடி ஒருமுறை முயலலாம் என்று நினைத்து முள்பாகல் போனேன். தோட்டம் கை மாறியிருந்தது. பழைய சொந்தக்காரர் குதிரையோடு ஆந்திரப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். எந்த ஊர் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. பெங்களூரில் எங்களுக்குக் கிடைத்த வீட்டில் சைக்கிள் நிறுத்தவே இடமில்லை. என் குதிரையை நகரத்துக்கு வெளியே ஒரு சவாரிப் பள்ளிக்குக் கொடுத்தேன். அவர்களுக்கு என்னிடம் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அவளை நடக்கவிட்டுப் பார்த்தார்கள், உடனே எடுத்துக்கொண்டார்கள்.

அந்த வருடக் கடைசியில் போட்டி நடந்தது. கேள்விப்பட்டு இரண்டு பேரும் போனோம். மெலிந்த இளம் பெண் ஒருத்தி அவளை ஓட்டினாள். ஒவ்வொரு தடையிலும் குதிரை எழும்பிய அதே கணத்தில் அந்தப் பெண்ணும் எழும்பினாள். நான் ஒருநாளும் அப்படி எழும்பியதில்லை. பள்ளம் வந்தபோது என் கணவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். அவர்கள் தாண்டிப் போனார்கள்.

என் குதிரைக்குக் கொடுக்க ஒரு பை நிறைய கேரட் கொண்டுபோயிருந்தேன். லாயத்துப் பக்கம் போனபோது பராமரிப்பாளர், மறுநாளும் போட்டி இருக்கிறது, வெளியாட்கள் எதுவும் கொடுக்கக் கூடாது என்றார். சரியான சட்டம்தான். தூரத்தில் நின்று பார்த்தோம். அவள் தலையைத் திருப்பினாள். எங்களைப் பார்த்தாளா, எங்களுக்குப் பின்னால் போன வண்டியைப் பார்த்தாளா என்று தெரியவில்லை.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. பையை மடியில் வைத்திருந்தேன். கொஞ்ச தூரம் போனதும் அவர் பைக்குள் கைவிட்டு ஒரு கேரட்டை எடுத்துக் கடித்தார். நானும் ஒன்றை எடுத்துக்கொண்டேன்.