ஜாமீன் போட வந்தவர்

கிருஷ்ணகிரி நீதிமன்றத்தில் ஜாமீன் வாங்குவது பெரிய வித்தை இல்லை. வாங்கிய பிறகுதான் எங்கள் இலவசச் சட்ட உதவி அலுவலகத்தின் பிழைப்பு சிரிப்பாய்ச் சிரிக்கும். சொத்து உள்ள உள்ளூர்க்காரர் இருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வேண்டுமாம். சொத்துக்காரர்களைத் தெரிந்தவன் எங்களிடம் எதற்கு வருகிறான்?

உத்தனப்பள்ளிப் பக்கத்துக்காரன் ஒருவன், ஓசூர் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை பார்த்தவன், செம்புக் கம்பி திருடியதாக உள்ளே போனான். ஜாமீன் கிடைத்தது, கையெழுத்துப் போடத்தான் ஆள் இல்லை. சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் புறம்போக்கில் வீடு. ஒருவர் பெயரிலும் பட்டா கிடையாது. நிபந்தனையைத் தளர்த்தக் கேட்ட மனுவும் தள்ளுபடி ஆனது. அன்று கண்ணில் பட்டவர்கள் மேலெல்லாம் எரிந்து விழுந்தேன்.

கடைசியில் அவன் அம்மா கேட்காமலேயே, ஊர் நிலக்காரர் ஒருவர் தன் தம்பியோடு அலுவலகத்துக்கு வந்தார். அந்தக் குடும்பம் தலைமுறையாக அவர் தோட்டத்தில்தான் கூலி வேலை செய்தது. கம்பெனி பஸ் ஏறித் தப்பித்தவன் இவன் ஒருவன்தான்.

"போடறோம் மேடம். ஆனா கேஸ் முடியற வரைக்கும் நம்ம தோட்டத்துலயே கெடக்கட்டும். ஓடிட்டான்னா நாங்கதானே கோர்ட்டுல வந்து நிக்கணும்?"

மிரட்டலாகக்கூடச் சொல்லவில்லை. மிரட்டியிருந்தால் நாலு வார்த்தை திட்டியாவது ஆறியிருப்பேன்.

அங்கேயே உட்கார்ந்திருந்த அவன் அம்மா என்னைத் தனியே இழுத்துப்போனார். "வேணாம் மேடம். அங்க போனா அவன் திரும்ப மாட்டான். அவங்கப்பாவும் கொஞ்ச நாளுக்குன்னுதான் அங்க தங்கப் போனாரு."

"கேஸ் முடியற வரைக்கும்தானேம்மா."

"எப்ப முடியும்?"

இங்கே யாருக்குத்தான் தெரியும்?

முடிவு மகன் சொல்ல வேண்டியது. சிறைக்குப் போய்க் கேட்டேன். பாதியாக இளைத்திருந்தான். "எதுக்கு வேணாலும் சரின்னு சொல்லிடுங்க மேடம். என்னால இங்க இருக்க முடியல."

சொன்னேன். கையெழுத்தானது. சிறை வாசலில் நிலக்காரரின் தம்பி பைக்கை ஸ்டார்ட் செய்து வைத்துக் காத்திருந்தார். வெளியே வந்தவன் அம்மாவிடம் ஏதோ சொல்லிவிட்டு அவர் பின்னால் ஏறிக்கொண்டான்.

அந்த அம்மா நின்ற இடத்திலேயே நின்றார். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "எப்படியோ வெளிய வந்துட்டான்லம்மா" என்றேன்.

"எங்க மேடம் வந்தான்?" என்றார்.