பெல்ட்டுத் துண்டும் முன் பெஞ்சும்

என் இடது காதைச் செவிடாக்கியவர் நீங்கள்தான், மூன்றாம் வகுப்பு வாத்தியாரே. சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. நீங்கள் அடித்த பெல்ட்டுத் துண்டு இதோ என் மேசைமேல் கிடக்கிறது. சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரியைச் சுமந்து ஓடிக் கிழிந்துபோன கன்வேயர் பெல்ட்டின் தடித்த ரப்பர். அறுபதுகளில் நெய்வேலியில் தொழிலாளி வீடு ஒவ்வொன்றின் வாசலிலும் அதில் ஒரு துண்டு கிடக்கும், கால் துடைக்க.

உங்கள் வகுப்பில் அப்பாவின் வேலைதான் பிள்ளையின் இடம். ஆபீசர் பிள்ளைகள் முன் பெஞ்சில். பர்மனென்ட் தொழிலாளிகளின் பிள்ளைகள் பின் பெஞ்சுகளில். பக்கத்துக் கிராமமான வடக்குத்திலிருந்து நடந்து வந்த கான்ட்ராக்ட் கூலிகளின் பிள்ளைகள் நாங்கள் ஏழு பேர் சுவரோரம், அந்தக் கால் துடைக்கும் ரப்பரில். பின் பெஞ்சுகள் பாதி காலியாகக் கிடந்தாலும், கேட்டால் பெஞ்சில் இடமில்லை என்பீர்கள். ஒருநாள் முன் பெஞ்சுக்காரி ஒருத்தி காய்ச்சலால் வரவில்லை. கரும்பலகை தெரியட்டும் என்று அவள் இடத்தில் உட்கார்ந்தேன். நான் செய்தது அவ்வளவுதான். பின்னலைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளினீர்கள். என் ரப்பர் துண்டையே எடுத்து முகத்தில் விளாசினீர்கள். மூன்றாவது அடி காதில் விழுந்தது. ரத்தம் பாவாடையில் சொட்டியபோது, "தொடச்சிட்டு உன் எடத்துல போய் உக்காரு" என்றீர்கள்.

மகனுக்குச் சோறு கொண்டுவந்த டிரைவர் வீட்டுப் பெரியம்மா இதைச் சன்னல் வழியாகப் பார்த்துவிட்டாள். எனக்கு உறவில்லை, குவார்ட்டர்ஸில் எல்லோருக்கும் அவள் பெரியம்மா. உள்ளே வந்து என்னையும் அந்த ரப்பரையும் சேர்த்து வாரிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். சாயங்காலம் எங்கள் வீட்டுக்கே வந்து, வாத்தியாரைக் கேட்காமல் விடக்கூடாது என்றாள்.

அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். "வேணாங்க. பேர வெட்டிட்டா இதுவும் மண்ணு சொமக்கத்தான் போவணும். பொறுத்துக்கினு போயிடறோம்."

"நீ பொறுத்துக்கய்யா. பெஞ்சுல உக்காந்துக்கிட்டு எம் மவன் இதப் பார்த்துச் சிரிச்சான். அத நான் எப்படிப் பொறுக்குறது?"

மறுநாள் காலை அவள் பிளாக்குப் பெண்கள் தங்கள் வாசல் ரப்பரைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வகுப்புக்குள் நுழைந்தார்கள். தங்கள் பிள்ளைகளைப் பெஞ்சிலிருந்து இறக்கி, எங்களோடு தரையில் உட்காரவைத்தார்கள். நீங்கள் பியூனை ஏவினீர்கள். அவன் தள்ளியதில் பெரியம்மாவின் நெற்றி நிலைப்படியில் மோதிப் பிளந்தது. ரத்தத்தை முந்தானையால் அழுத்திக்கொண்டு கேட்டாள்: "ஏன் வாத்தியாரே, இப்ப இத்தினி பெஞ்சு காலியா கெடக்கே. நேத்து எங்க போயிருந்துச்சு?"

இதற்குள் ஷிஃப்ட் முடிந்து வந்த இரண்டு ஃபிட்டர்கள் பெரியம்மாவின் ரத்தத்தைப் பார்த்தார்கள். கடப்பாரையால் பெஞ்சுகளின் கால்களையெல்லாம் அடித்து நொறுக்கினார்கள். "இனிமே எல்லாம் ஒரே ஒசரம்டா!" போலீஸ் இருவரையும் இழுத்துப்போய் மிதித்தது. ஒருவருக்கு வேலை போயிற்று. ஆனால் என் பெயரை வெட்ட உங்களுக்குத் துணிச்சல் வரவில்லை. அந்த வருஷம் முழுக்க எல்லோரும் தரையில் கிடந்த பலகைகளில்தான் உட்கார்ந்தோம். காய்ச்சல் தீர்ந்து வந்த ஆபீசர் மகள் என் வலப்பக்கம் உட்கார்ந்து, நீங்கள் சொல்லும் ஒவ்வொரு கணக்கையும் என் நல்ல காதில் திருப்பிச் சொன்னாள்.

இப்போது உங்களுக்குப் பாராட்டு விழாவாம். எல்லாப் பிள்ளைகளையும் சமமாகப் பார்த்தவர் என்று அழைப்பிதழில் அடித்திருக்கிறார்கள். வருகிறேன். மேசைமேல் கிடக்கும் இந்தத் துண்டை மேடையில் உங்கள் காலடியில் போடுவேன். இடம் இருந்தும் ஏன் இல்லை என்றீர்கள்? உட்கார்ந்ததற்கு ஏன் அடித்தீர்கள்? மைக்கைப் பிடித்து ஊர் கேட்கப் பதில் சொல்லுங்கள். உரக்கச் சொல்லுங்கள், எனக்கு ஒரு காதுதான் கேட்கும்.