மடியில் அடங்கிய கிட்டார்

கெலாங் பாத்தா ஊரின் இசைக்கருவிக் கடையில் ஒரு சின்ன கிட்டாரை எடுத்து வைத்ததும் அது மடியில் அப்படியே அடங்கிக்கொண்டது. லேசாகத் தொட்டாலே கம்பிகள் அமுங்கின. புது வார்னிஷ் வாசம் என்னை லாபிஸ் ஊரில் நான் வளர்ந்த வீட்டுக்கு இழுத்துப்போனது.

பத்து வயதில், அப்பாவின் பெரிய கிட்டாருக்குப் பின்னால் என் முகம்கூடச் சரியாகத் தெரியாது. தினமும் மாலையில் அப்பா வாசற்படியை அடைத்து உட்கார்ந்துகொள்வார். வெளியே தோழிகள் பூப்பந்து ஆடும் சத்தம் கேட்கும்.

"ஒரு பாட்டு முழுசா வாசி. அப்புறம் வெளிய போலாம்."

முழுசாக ஒருநாளும் வந்ததில்லை. இரும்புக் கம்பி விரல்நுனிகளைக் கிழித்தது. ஒருநாள் அழுதுகொண்டே கத்தினேன்: "ஆசையா இருந்தா நீங்களே வாசிங்கப்பா."

பலகை மில்லில் அறுபட்டு, அப்பாவின் இடது கையில் இரண்டு விரல்களே மிச்சம். சொன்ன பிறகுதான் எனக்கு அது உறைத்தது. அவர் எழுந்து வழிவிட்டு, வீட்டின் பின்பக்கம் போய்விட்டார்.

வாசல் திறந்தே கிடந்தது. இருட்டும்வரை நான் அசையவில்லை. அதன்பின் அவர் என்னை வாசிக்கச் சொன்னதே இல்லை.

"ஈசியா இருக்கா, அக்கா?" என்று கடைக்காரப் பெண் கேட்டாள்.

"ரொம்ப ஈசியா இருக்கும்மா," என்றேன். வாசிக்கவும் முடியவில்லை, இறக்கி வைக்கவும் முடியவில்லை.